சட்டைப் பையில் ஒரு விரல்

ஊரார் வாய்க்குள் இருந்ததைத் தொட்டுத்தான் பல்லுக்காரர் முப்பது வருஷமாக வயிறு வளர்க்கிறார். பல் டாக்டர்கள் பொய்ப்பல் செய்யச் சொல்லி அவர் பட்டறைக்கு அனுப்புகிற அச்சுகளில் எச்சில் காய்ந்திருக்கும். சில நாள் ரத்தம் இருக்கும். யாரோ மத்தியானம் தின்ற கீரைத் துணுக்குகூட ஒட்டிக்கொண்டு வரும். எல்லாவற்றையும் கழுவி வைத்துவிட்டு அதே மேசையில் டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிடுவார். அவருக்குப் போய் அருவருப்பா என்று கேட்டால், ஆமாம், உண்டு. மாப்பிள்ளை வளர்க்கிற ஓணானைப் பார்த்தால் உண்டு.

தாடி ஓணானாம். தலை முதல் வால் வரை ஒரு முழம். தாடைக்குக் கீழே முள்முள்ளாகத் தாடி, தரையில் இழுபடுகிற தொப்பை, ஒற்றைக் கண்ணால் ஆளை அளக்கிற ஒரு பார்வை. கூடத்தில் டிவி இருக்க வேண்டிய இடத்தில் அதற்குக் கண்ணாடித் தொட்டி. தீனி, கரப்பான் பூச்சி. செத்ததும் இல்லை, உயிரோடு. கரப்பான் வந்தால் மருந்தடிப்பது உலக வழக்கம். இந்த வீட்டில் அதற்குக் கேரட் துருவிப் போட்டு வளர்த்தார்கள். பூச்சி டப்பா இருந்தது சமையலறை அலமாரியில், சர்க்கரைக்குப் பக்கத்தில். புழு டப்பா ஃப்ரிட்ஜில், முட்டைக்குக் கீழ்த் தட்டில். ஓணான் எச்சம் போட்டு வைக்கிற தண்ணீர்க் கிண்ணத்தை மகள் பாத்திரம் கழுவும் தொட்டியிலேயே தேய்ப்பாள், அதே நாரால். அந்த நாரால் தேய்த்த டம்ளரில்தான் அவருக்குக் காபி வரும். ஒவ்வொரு மடக்குக்கும் தொண்டையில் ஏதோ ஊர்வது போலிருக்கும்.

"தம்பி சாப்பிட்டானான்னு கொஞ்சம் பாருங்கப்பா" என்பாள் மகள்.

"அது உனக்குத் தம்பின்னா எனக்கு யாருடி?"

"மகன்தான். தாடைய உத்துப் பாருங்க, உங்க ஜாடை இருக்கு."

ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சிரிப்பாள். அவருக்கு அந்த வயிற்றைப் பார்த்தால்தான் இன்னும் குமட்டும். இன்னும் இரண்டு மாதத்தில் பச்சைக் குழந்தை வரப் போகிற வீடா இது என்று உள்ளுக்குள் கொதிப்பார். கொதித்து என்ன செய்ய? வீடு மாப்பிள்ளையுடையது. மனைவி போன பிறகு மகளோடு வந்து ஒட்டிக்கொண்டவர் அவர். வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊரில் கேலி செய்வார்கள், இவர் வீட்டோடு மாமனார்.

ஆனாலும் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லியேவிட்டார். காபியில் அன்றைக்கு ஒரு கரப்பான் கால் மிதந்தது.

"மாப்பிள்ளை, ஒண்ணு இந்த வீட்டுல அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

மாப்பிள்ளை லிஃப்ட் பழுது பார்க்கிறவர். மாடிக்கு மாடி தொங்கி வேலை செய்து பழகியதாலோ என்னவோ, எதற்கும் பதறாத மனிதர். "மூணு வருஷமா இருக்கு மாமா. ஒருத்தரையும் ஒண்ணும் பண்ணினதில்ல. ஒரே ஒரு தடவை அது தானா ஒருத்தர் மேல பாஞ்சு கடிச்சதுன்னு வைங்க, அன்னிக்கே கொண்டுபோய் விட்டுடறேன். இது சத்தியம்" என்றார்.

சத்தியம் என்ற சொல்லைப் பல்லுக்காரர் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் மாப்பிள்ளையின் அக்காவுக்கு ஆபரேஷன். பார்த்துவிட்டு வர இருவரும் நான்கு நாள் வெளியூர் கிளம்பினார்கள். ஓணானுக்குத் தீனி போட வேறு ஆள் இல்லை. இடுக்கி இங்கே, கையுறை அங்கே, சோப்பு இங்கே என்று மாப்பிள்ளை காட்டிக்கொண்டே வந்தார்.

"கையால மட்டும் ஊட்டாதீங்க மாமா."

"ஊட்டறதா? அதுக்கா? நானா?"

மறுநாள் ஞாயிறு. நல்ல வெயில். பல்லுக்காரர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, இடுக்கியால் ஒரு பூச்சியை உள்ளே நீட்டினார். நறுக் நறுக்கென்று மென்ற சத்தம் கேட்டு அவருக்கு முதுகு சிலிர்த்தது. பூச்சியின் சிறகு ஒன்று அதன் உதட்டோரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. தின்று முடித்து, பல்பின் சூட்டில் அது வாயை ஆவென்று பிளந்தபடி அசையாமல் உட்கார்ந்தது. அப்போதுதான் அவர் அந்தப் பற்களைப் பார்த்தார்.

அங்கேதான் மனிதர் கெட்டார். ஈறே இல்லை. தாடை எலும்பின் விளிம்பிலேயே, ரம்பத்தில் அறுத்து விட்டது போல, சின்னச் சின்ன முக்கோணமாக ஒரே வரிசை. முப்பது வருஷத்தில் எத்தனையோ வாய்களின் அச்சு பார்த்தவர், இப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்லை. பின் பற்கள் எப்படி இருக்கும் என்று தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. கையுறை மேசைமேல் கிடந்தது. விரல் தானாகப் போனது. கீழுதட்டை மெல்லத் தாழ்த்தி, ஆள்காட்டி விரலை ஓரமாக உள்ளே விட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்தார். நாக்கு பட்டது. குளிர்ந்த கொழகொழப்பான சதை. சீ என்று விரலை இழுக்கப் போனார், வாய் மூடிக்கொண்டது.

பிறகு நடந்ததை அவர் நினைத்துப் பார்க்கவே விரும்பவில்லை. உதறினார். ஒரு முழ ஓணானும் விரலோடு மேலே வந்து தொங்கியது. அதன் தொப்பை மணிக்கட்டில் வந்து வந்து மோதியது. இன்னொரு கையால் அதன் கழுத்தைப் பிடித்துப் பலங்கொண்ட மட்டும் இழுத்தார். எங்கோ சின்னதாக ஒரு சத்தம் கேட்டு, விரல் கிழிந்துகொண்டு வந்தது. தொட்டி மணலில் விழுந்த ஓணான் அவரைப் பார்த்தபடியே நாக்கை நீட்டி வாயோரத்து ரத்தத்தை நக்கிக்கொண்டது. பல்லுக்காரர் ஓடிப்போய் வாஷ் பேசினில் காலையில் தின்றதையெல்லாம் வாந்தியெடுத்தார்.

வாயைக் கொப்பளிக்கும்போதுதான் அந்தச் சத்தியம் நினைவுக்கு வந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டதே என்று தோன்றியது. கடித்தது கடித்ததுதானே? பாய்ந்ததா, நாமே போய்க் கொடுத்தோமா என்று யார் கண்டது? ஆனால் அவர்கள் வர இன்னும் மூன்று நாள். அதற்குள் காயம் கூடிவிட்டால் பூனைக் கீறல் என்று மகளே சிரிப்பாள். சாட்சி வேண்டும்.

வேறு யாராக இருந்தாலும் போட்டோ எடுத்திருப்பார்கள். இவர் பல்லுக்காரர். சோப்புப் போட்டுக் கழுவினால் தடம் கலைந்துவிடும் என்று ரத்தத்தைத் துண்டால் ஒற்றினார். அந்தத் துண்டு சற்று முன் மூக்கில் கட்டியிருந்தது, அதற்கு முன் தொட்டி துடைத்தது. வீட்டில் வைத்திருந்த, பல் அச்சு எடுக்கிற மாவைக் கிண்ணத்தில் குழைத்து, கடிபட்ட விரலை அதில் புதைத்து, வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, அது இறுகும்வரை நின்றார். விரலை உருவிவிட்டுக் குழியில் பிளாஸ்டர் ஊற்றினார். மாலையில் உடைத்து எடுத்தால் வெள்ளை விரல் ஒன்று. நகம், ரேகை, கடித் தடம், எல்லாம் அச்சு அசலாக இருந்தது.

காயத்துக்கு? பட்டறையில் கத்தி பட்டால் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். சட்டென்று ஒட்டுகிற பசையில் ஒரு சொட்டு விட்டு, காயத்தின் வாயை மூடி ஒட்டிவிட்டார். அவ்வளவு பேருக்கும் அதுதான் அங்கே மருந்து, இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. கத்திக்கு எச்சில் கிடையாது என்பதை அவர் யோசிக்கவில்லை.

புதன்கிழமை வந்தார்கள். பெட்டியைக்கூட கீழே வைக்க விடவில்லை.

"மூடியத் தொறந்தேன். பாஞ்சு கவ்விடுச்சு" என்று நிஜ விரலையும் வெள்ளை விரலையும் சேர்த்து நீட்டினார்.

மாப்பிள்ளை வெள்ளை விரலை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "கடிச்ச உடனே சோப்புப் போட்டுக் கழுவினீங்களா மாமா?" என்றார்.

"கழுவினேன்."

"டாக்டரைப் பாத்தீங்களா?"

"இதுக்கெல்லாம் எதுக்கு டாக்டரு?"

மாப்பிள்ளை வேறொன்றும் கேட்கவில்லை. ஒரு பழைய போர்வையைத் தொட்டிமேல் போர்த்தி, தூக்கி, மீன் தொட்டி விற்கிற ஒரு சிநேகிதரின் கடையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். மகள் கதவருகே நின்று பார்த்தாள். அப்பாவின் மேல் கோபப்படவும் முடியாமல், கோபப்படாமல் இருக்கவும் முடியாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

வீடு சுத்தமாகிவிட்டது. பல்லுக்காரர் புது நார் வாங்கிப் போட்டார், அலமாரியைச் சோடா உப்புப் போட்டுத் துடைத்தார். அப்படியும் காபி இறங்கவில்லை. மாலையில் வேலை முடிந்து வந்ததும் மாப்பிள்ளை பழக்கத்தில் அந்த மூலையைப் பார்ப்பார், பிறகு சட்டையைக் கழற்றப் போவார். ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது மாமனாருக்கு.

விரலோ வேறு கணக்குப் போட்டது. வியாழன் காலை விண்விண்ணென்று தெறித்தது. மாலையில் சூடேறி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை பட்டறையில் சின்னக் கத்தியைப் பிடித்தால் நிற்கவில்லை. விரலை மடக்கவே முடியவில்லை. அந்த விரல் இல்லாவிட்டால் அவர் பல்லுக்காரர் இல்லை, வெறும் மாமனார்தான்.

பக்கத்து மேசையில் மெழுகில் பல் அடுக்குகிற அம்மாள் எட்டி அவர் கையைப் பிடித்தாள். இருபது வருஷம் கூடவே உட்கார்ந்து வேலை செய்கிறவள்.

"என்னண்ணே இது, விரலா, கத்திரிக்காயா?"

பாய்ந்து கடித்த கதையைச் சொன்னார். சொல்வதோடு விட்டாரா, பெருமையாக மேசை இழுப்பறையிலிருந்து வெள்ளை விரலை வேறு எடுத்துக் காட்டினார். அவள் அதை வாங்கிப் பெரிதாக்கும் கண்ணாடியின் கீழ் வைத்தாள். ஒரு அச்சைப் பார்த்து, இந்த ஆள் எந்தப் பக்கம் மெல்லுகிறான் என்று சொல்லிவிடுகிறவள் அவள்.

"பாஞ்சு கவ்வினா நுனியிலதானே படும்? இங்க முதல் கணுவையும் தாண்டி, மேல ஒரு வரிசை, கீழ ஒரு வரிசை. விரல் வாய்க்குள்ள நல்லா போயிருக்கு. அது வந்து கடிக்கல, நீங்க போய்க் குடுத்திருக்கீங்க."

பல்லுக்காரர் கத்தியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"பல்லைப் பாக்கத்தானே?"

துடைத்த கத்தியையே மறுபடி துடைத்தார்.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்கிட்டு, குத்துதே குடையுதேன்னானாம். ஊருக்கெல்லாம் சொல்ற பழமொழிதான், இப்பத்தான் ஆளை நேர்ல பாக்கறேன்" என்றவள், சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். "அண்ணே, இங்க வாங்க. எல்லாத் தடமும் குழி. இது ஒண்ணு மட்டும் குழி இல்ல, அடைச்சுக்கிட்டு நிக்குது. உள்ள ஏதோ ஒடைஞ்சு கெடக்கு. எழுந்திருங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க, இந்த வெள்ளை விரலையும் கையோட எடுத்துக்கிட்டுப் போங்க."

தனக்குள் அந்த ஜந்துவின் பல் ஒன்று ஐந்து நாளாக இருக்கிறது என்று தெரிந்ததும் பல்லுக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். விரலை உடம்பிலிருந்து தள்ளியே பிடித்துக்கொண்டார். வெள்ளை விரலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மகளுக்குப் போன் செய்தார். அரைமணியில் மாப்பிள்ளை வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, கையில் கிரீஸோடு காரை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

டாக்டர் ஒரு நடுவயது அம்மாள். பசையை ஏதோ திரவம் தொட்டு உரித்தெடுத்தாள். மூடி திறந்ததும் வந்த நாற்றத்தில் நர்ஸ் ஜன்னலைத் திறந்துவிட்டாள். பச்சையும் மஞ்சளுமாக வழிந்தது. தன்னிடமிருந்துதான் இது வருகிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. இத்தனை நாள் அந்த ஓணானைப் பார்த்து முகம் சுளித்தது போதாதென்று, இப்போது சொந்தக் கையைப் பார்த்தே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"யாரு இதை ஒட்டினது?"

"நான்தாங்க."

"கடிக்காயத்தை மூடவே கூடாது. உள்ள போன அழுக்கை உள்ளயே வச்சு சீல் பண்ணியிருக்கீங்க. கடிச்சப்போ இழுத்தீங்களா?"

"உதறினேன்."

"உதறவே கூடாது. கையைத் தரையில வச்சு அசையாம இருந்தா அதுவா விட்டிருக்கும். விட்டதும் ஓடற தண்ணியில அஞ்சு நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவிட்டு அன்னிக்கே இங்க வந்திருக்கணும். ஊசி போட்டு அனுப்பியிருப்பேன்."

படம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"இவ்வளவு சின்னப் பல்லு படத்துல விழாது. தொறந்து தேடணும். எங்க இருக்குன்னு தெரிஞ்சா சின்ன வெட்டு போதும். தெரியலன்னா நீளமா கீறணும். பக்கத்துலயே நரம்பு, தசைநார் எல்லாம் இருக்கு. அப்புறம் இந்த விரல் முழுசா மடங்கும்னு நான் சொல்ல மாட்டேன். என்ன வேலை பாக்கறீங்க?"

"பல்லு செய்யறேன்" என்றார். குரல் இறங்கிவிட்டது.

வெள்ளை விரல் சட்டைப் பையில் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. எடுத்துக் கொடுத்தால் இடம் தெரிந்துவிடும். ஆனால் தலைமாட்டில் மாப்பிள்ளை நிற்கிறார். அந்த வாயை மூன்று வருஷமாகத் தினமும் பார்க்கிறவர். மெழுகுக்காரம்மாளே கண்டுபிடித்ததை அவர் ஒரே பார்வையில் கண்டுபிடிப்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அந்தச் சோற்றை அந்த மனிதருக்கே பரிமாறியாகிவிட்டது. அவரும் சந்தேகப்பட்டு ஒரு கேள்வி கேட்காமல் சாப்பிட்டுவிட்டார். அன்றைக்கு இந்த விரலை வாங்கிப் பார்க்காமல் விட்டது அலட்சியத்தால் இல்லை, மாமா சொன்னால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையால் என்பது பல்லுக்காரருக்கு இப்போதுதான் உறைத்தது.

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டாள். பல்லுக்காரர் இடது கையைப் பைக்குள் விட்டு வெள்ளை விரலை எடுத்து நீட்டினார்.

"கடிச்ச அன்னிக்கே எடுத்தது. இந்த மூணாவது தடம்தான் அடைச்சிருக்கு. அதுக்குள்ள இருக்கும்."

டாக்டர் வாங்கிப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையிடம் கொடுத்தாள். மாப்பிள்ளை அதை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் கிரீஸ் விரலால் தடவிப் பார்த்தார்.

"அது பாயல மாப்பிள்ளை. நான்தான் வாயைத் தொறந்து விரலை விட்டேன்."

"எதுக்கு மாமா?"

"பல்லு பாக்க."

நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. மாப்பிள்ளை சிரிக்கவில்லை. கண்ணை மட்டும் ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டார். அதைப் பார்த்தபோது பல்லுக்காரருக்கு வந்த அருவருப்பு ஓணான்மேல் இல்லை, சீழ்மேலும் இல்லை. தன்மேல்தான் வந்தது.

சின்ன வெட்டுதான். இடுக்கி உள்ளே போய் வெளியே வந்தது. பஞ்சின்மேல் குருணை அளவில், அடி பழுத்த நிறத்தில், முக்கோணமாக ஒரு பல். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். நல்ல வேலை என்று மனம் சொன்னது, உடனே வயிறு எதிர்க்குரல் கொடுத்தது.

கட்டுப் போடும்போது டாக்டர் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், அதன் பாத்திரத்தை எங்கே கழுவுகிறீர்கள் என்று கேட்டாள். மாப்பிள்ளை சொன்னார்.

"ஏழு மாசம் வயித்துல வச்சுக்கிட்டு அவங்களா கழுவறாங்க? சமையல் பாத்திரம் கழுவற எடத்துல? பாக்கச் சுத்தமா இருந்தாலும் அந்த எச்சத்துல கிருமி இருக்கும். தெரியாதா உங்களுக்கு? கிண்ணம், பூச்சி, ஒண்ணும் சமையலறைப் பக்கம் வரக்கூடாது. அவங்க தொடவே வேண்டாம்."

இப்போது மாப்பிள்ளை தலைகுனிந்தார். முறைப்படி பார்த்தால் பல்லுக்காரர் ஜெயித்த இடம் அது. ஜெயித்த மாதிரி இல்லை.

காரில் வீட்டுக்குத் திரும்பினார்கள். மீன் தொட்டிக் கடை இருக்கிற தெருமுனை வந்ததும் பல்லுக்காரர், "இப்படித் திருப்புங்க மாப்பிள்ளை" என்றார்.

"வேண்டாம் மாமா. டாக்டர் சொன்னதைக் கேட்டீங்கல்ல."

"கேட்டேன். பூச்சி டப்பா வெளி வராந்தாவுக்குப் போகட்டும். கிண்ணத்தை வெளிக் குழாயில நான் கழுவறேன். அவ தொட வேண்டாம். நீங்க சொன்ன சொல்லைக் காப்பாத்தினீங்க, நான் சொன்னதுதான் பொய்யாப் போச்சு. திருப்புங்க."

கடையில் மீன் தொட்டிகளுக்கு நடுவே, இருட்டு மூலையில் அது கிடந்தது. மேனி கறுத்திருந்தது. ஒரு பக்கத் தாடை புடைத்திருந்தது. வந்த நாளிலிருந்து ஒரு பூச்சியும் தொடவில்லை என்றார் கடைக்காரர். மிருக டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாராம். பல் ஒடிந்த இடத்தில் புண், காலையும் மாலையும் வாயைத் திறந்து மருந்து தொட்டுத் துடைக்க வேண்டும், அந்தப் பல் இனி முளைக்காது என்று சொல்லிவிட்டுப் போனாராம். மருந்துப் புட்டியை நீட்டினார். பல்லுக்காரர் தன் கட்டுப் போட்ட விரலைப் பார்த்தார், அதன் தாடையைப் பார்த்தார். இரண்டும் ஒரே பக்கம் வீங்கியிருந்தன.

பின் இருக்கையில் தொட்டி நிற்கவில்லை. மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வண்டி குலுங்கியதில் அது பயந்து எச்சம் போட்டது. நாற்றம் மூக்கைப் பிளந்தது. மெழுகுக்காரம்மாள் இதைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, முகத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடியே வீடு வரை வந்தார்.

வாசலில் மகள் நின்றாள். நடந்ததையெல்லாம் மாப்பிள்ளை போனில் சொல்லியிருந்தார். தொட்டியருகே வரப் போனவளை அப்பா அதட்டித் தள்ளி நிறுத்தினார்.

"வாயைத் தொறந்து புடிக்க என்னால முடியும். அவ்வளவு சின்னப் புண்ணு என் கண்ணுக்குத் தெரியாது மாமா" என்றார் மாப்பிள்ளை, மருந்துப் புட்டியைப் பிடித்துக்கொண்டு.

பல்லுக்காரர் கண்களை ஒருமுறை இறுக மூடித் திறந்தார். "கையுறை எங்க?" என்றார்.

வராந்தாவில் உட்கார்ந்து செய்தார்கள். மாப்பிள்ளை இரண்டு கையாலும் அதன் வாயைப் பிளந்து பிடித்தார். பல்லுக்காரர் பட்டறைக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டி, இடது கையால் பஞ்சு முனையை உள்ளே விட்டார். வாடை வந்து முகத்தில் அடித்தது. நாலுமுறை ஓங்கரித்துக்கொண்டே துடைத்தார். மூன்றாவது பல் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அது கடிக்கவில்லை. ஒற்றைக் கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

முடிந்ததும் வெளிக் குழாயடிக்குப் போனார். மகள் கடிகாரத்தோடு பின்னாலேயே வந்தாள்.

"சோப்புப் போட்டு அஞ்சு நிமிஷம்பா. நான் பாத்துக்கிட்டே நிப்பேன்."

குழாயைத் திறந்துவிட்டு இடது கையை நீட்டினார். வலது கை கட்டோடு மேலே நின்றது. ஒற்றைக் கை தன்னைத்தானே எப்படிக் கழுவிக்கொள்ளும்? சோப்பு இரண்டுமுறை வழுக்கிக் கீழே விழுந்தது.

மாப்பிள்ளை குனிந்து அதை எடுத்தார். மாமனாரின் கையைப் பிடித்து, விரல் விரலாக, இடுக்கு இடுக்காகத் தேய்க்க ஆரம்பித்தார்.